ஆமென் சொல்கிறவள்

எழுந்தான். போர்வையை மடித்தான். பல் தேய்த்தான். பால் பொங்குவதற்குள் சட்டைக்கு இஸ்திரி போட்டான். அம்மாவுக்கு ஒரு கப் டீ, அப்பாவுக்கு ஒன்று, தங்கச்சிக்கு ஒன்று, தனக்கு ஒன்று. இன்னொரு கப் அலமாரியில் கவிழ்த்தபடியே இருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்து மறுபடி மாட்டினான். அவன் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். சட்டையால் துடைக்காதீர்கள், கீறல் விழும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன்.

போன வருடம் மனைவி இறந்ததிலிருந்து காலை இப்படித்தான் போகும். ஒரு வேலை முடிந்தால் அடுத்த வேலை. நடுவில் யாரும் எதுவும் கேட்காவிட்டால் மத்தியானம் வரைக்கும் தானாக ஓடிவிடும்.

அன்றைக்கு ஓடவில்லை.

"அண்ணா, வந்து என் பெட்டி மேல உக்காரு" என்று உள்ளேயிருந்து தங்கச்சி கத்தினாள்.

அவள் கல்லூரிக்குப் போகிற நாள். வேறு ஊர், விடுதி, வேதியியல். ஒரு வாரமாக வீட்டில் யார் எங்கே திரும்பினாலும் அவள் காலில்தான் இடறவேண்டியிருந்தது. அவன் போய்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்தான். அவள் ஜிப்பை இழுத்தாள். பாதியில் நின்றது.

"இன்னும் கொஞ்சம் கனமா உக்காருண்ணா. காத்து உக்காந்த மாதிரி இருக்கு. சாப்பிடறியா இல்லையா?"

"உள்ள என்னதான் வெச்சிருக்கே?"

"எல்லாம் அம்மா கைங்கரியம். நான் வெச்சது ரெண்டே துணி."

அம்மா வந்து ஜிப்பைத் திறந்தாள். மேலே இருக்கவேண்டிய வேதாகமம் மேலே இல்லை. கிளறினாள். துண்டுக்கு அடியில், போர்வைக்கும் அடியில், பெட்டியின் தரையோடு ஒட்டிக் கிடந்தது. எடுத்து மறுபடி மேலே வைத்தாள்.

"நானும் வெச்சுக்கிட்டே இருக்கேன். அதுக்குக் கால் முளைச்சுக் கீழ இறங்குதா?"

"பெட்டியைத் தொறந்ததும் ரூம்ல எல்லாரும் பாப்பாங்கம்மா."

"பாக்கட்டுமே. பாம்பா புடிச்சு வெச்சிருக்கேன்?"

"முதல் நாளே வேணாம்மா. நான் மெதுவா ஆரம்பிச்சுக்கறேன். சத்தமில்லாம."

"சத்தமில்லாமயா? நீயா?"

அம்மா சிரித்த சிரிப்பில் பெட்டியே ஆடியது.

காரணம் இருக்கிறது. அந்த வீட்டில் தங்கச்சியின் பட்டப்பெயர் பிரேக்.

அப்பா வெல்டர். பகலெல்லாம் நெருப்பைப் பார்த்த கண்கள், சாயங்காலம் மூடினால் திறக்க மனசு வராது, ஜெபம் அவ்வளவு நீளமாவது அதனால்தான் என்பது அம்மாவின் கட்சி. அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். வெல்டிங்கை நடுவில் நிறுத்தினால் அங்கேதான் கசியும், ஜெபமும் அதுபோலத்தான் என்பார். சாப்பாட்டுக்கு நன்றி சொல்லித்தான் ஆரம்பிப்பார். அங்கிருந்து பட்டறைக்குப் போவார். பட்டறை முதலாளியின் சர்க்கரை, பக்கத்து வீட்டுக்காரரின் முழங்கால், ஆளுகிறவர்கள், ஆஸ்பத்திரியில் இருக்கிறவர்கள், கடலில் இருக்கிறவர்கள் என்று உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வீடு திரும்புவார். அதற்குள் தட்டில் இருப்பது ஐஸாகிவிடும்.

தங்கச்சிக்குப் பேச்சு வந்த புதிதில், ஒரு நாள் பசி தாங்காமல், அப்பா மூச்சு வாங்கின இடத்தில் "ஆமென்" என்று ஒரு சத்தம் போட்டாள். அப்பாவும் பழக்கதோஷத்தில் "ஆமென்" என்று கண்ணைத் திறந்துவிட்டார். அன்றிலிருந்து அந்த வேலை அவளுடையது. பட்டறை கிரைண்டர் இரைச்சலில் அப்பாவின் காது பாதி போயிருந்தது. அம்மாவின் மெல்லிய குரல் அவருக்கு எட்டாது. தங்கச்சியின் ஆமென் தெருமுனை வரை எட்டும். மூச்சு வாங்குகிற இடம் பார்த்து அடிப்பாள். தப்பவே தப்பாது.

கல்யாணமாகி வந்த முதல் நாள் அவன் மனைவி இதைப் பார்த்தாள். ஜெபத்தின் நடுவிலேயே சிரிப்பு வந்து, அடக்கப் பார்த்து, புரையேறி, மாமனார் முன்னால் மானம் போயிற்று. பிரேக் என்று பெயர் வைத்தது அவள்தான்.

அன்று காலையும் அப்பா ஜெபித்தார். ரயில் ஓட்டுகிறவர், விடுதிக் காவலாளி, வேதியியல் கூடத்தில் இருக்கும் அமிலங்கள் வரைக்கும் போய்விட்டார். தங்கச்சி இடம் பார்த்து அடித்தாள். குரல் லேசாக உடைந்தது. ஆனாலும் அப்பாவுக்குக் கேட்டது. அப்பா சொன்னார், அம்மா சொன்னாள்.

அவன் தண்ணீர் குடித்தான்.

*

ரயிலில் எதிரெதிர் ஜன்னல். தங்கச்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாலம் வந்தால் பாலம், மாடு வந்தால் மாடு, எல்லாவற்றையும் அவனுக்குக் காட்டினாள். பிறகு ஜன்னலை விட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, எல்லாரும் எனக்காகத்தான் பயப்படறாங்க இல்ல?"

பயந்தார்கள்தான். போன ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் அவளைச் சுற்றிக் கூட்டம். படிக்கப் போன இடத்தில் ஆண்டவரை மறந்த பிள்ளைகளின் கதையை ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். பாட்டுக் குழுவின் மூத்த அக்கா, "போகும்போது வேதாகமத்தோட போவுது, வரும்போது கேள்வியோட வருது" என்று பெருமூச்சு விட்டாள். போதகர் தலையில் கை வைத்து ஜெபித்தார். அவன் பக்கத்திலேயே நின்றான். அவனுக்காக யாரும் பயப்படவில்லை. வாராவாரம் வந்துவிடுகிறானே.

"உனக்குப் பயமா இருக்கா?" என்று கேட்டான்.

"எனக்கு ஒண்ணுதான் பயம். இதுவரைக்கும் நானா ஜெபம் பண்ணினதே இல்ல. அப்பா பண்ணுவாரு, நான் முடிப்பேன். அங்க யார் ஆரம்பிப்பா, நான் முடிக்கிறதுக்கு?"

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் விடவில்லை.

"நீ ஆமென் சொல்றதில்ல."

அவன் ஜன்னலைப் பார்த்தான்.

"அப்பா எங்க மூச்சு வாங்குறாருன்னு பாக்கணுமில்ல. ஜெபத்துல கண்ணு தொறந்திருக்கிற ஒரே ஆள் நான். அப்பாவைப் பாக்கும்போது உன்னையும்தான் பாக்கறேன். அண்ணி போனதுலேர்ந்து உன் வாய் அசையல. விட்டுட்டியா?"

"தெரியல."

அவள் தன் உள்ளங்கையால் அவன் இடது கண்ணை மூடினாள். பிறகு வலது கண்ணை. கடையில் அவன் பேசுகிற அதே குரலில், "இப்ப பாருங்க சார். இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா? இதா... அதா?" என்றாள்.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு."

"அப்படிச் சொல்ற ஆளுங்களுக்கு என்ன பண்ணுவே?"

"கொஞ்ச நேரம் கண்ணை மூடி உக்காரச் சொல்லுவேன். அப்புறம் திரும்பப் பாக்கச் சொல்லுவேன்."

"சரி, மூடு."

மூடினான். தூங்கிப்போனான். விழித்தபோது அவள் அவனுக்கு வாங்கி வைத்த டீ ஆறிப்போயிருந்தது. ஊர் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட ரெண்டு சாமான்தான் இருக்குண்ணா. ஒண்ணு ஆமென். இன்னொண்ணு அண்ணி கடைசியா சொன்னது. எனக்கு எப்பல்லாம் சந்தேகம் வருதோ, அப்பல்லாம் அதைத்தான் நெனச்சுக்குவேன். அண்ணியே பயமில்லன்னுட்டாங்க, ஒளி தெரியுதுன்னுட்டாங்க. அப்ப அது இருக்குன்னுதானே அர்த்தம்? அதை வெச்சு நாலு வருஷம் ஓட்டிடுவேன்."

அவன் ஆறின டீயைக் குடித்தான்.

அண்ணி கடைசியாகச் சொன்னது என்று அவர்கள் சபையில் ஒன்று வழங்கிவந்தது. மனைவி இறந்த அன்று மத்தியானம் போதகர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பயமாயிருக்கிறதா மகளே என்று கேட்டார். இல்லைங்க ஐயா என்றாள். போதகர் பொய் சொல்லவில்லை. அவர் கேட்ட கடைசி வார்த்தை அதுதான். அடக்கத்தின்போது அவர் அதைச் சொன்னார். பாட்டுக் குழு அக்கா சொன்னபோது அதனோடு ஒளி சேர்ந்துகொண்டது. பெண்கள் கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பரலோகத்தின் கதவும் திறந்துவிட்டது. அவன் எதையும் திருத்தவில்லை. உண்மையில் அவள் கடைசியாகச் சொன்னது அவனிடம். சாயங்காலம். அது ரொம்பச் சின்ன வார்த்தை. எல்லாரும் அவ்வளவு பெரிய வார்த்தைகளைக் கொண்டுவந்து வைத்த இடத்தில் அதை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. தனக்கே வைத்துக்கொண்டான்.

விடுதி வாசலில் தங்கச்சி பெட்டியை வாங்கிக்கொண்டாள். அழவில்லை. படியேறும்போது திரும்பி, "அப்பாவோட ஜெபத்தை யாராவது நிறுத்துங்க. அம்மா பட்டினி கெடப்பாங்க" என்று வாசல் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு உள்ளே போனாள். சத்தமில்லாமல் ஆரம்பிக்கிறவள்.

*

பிரேக் இல்லாத வீட்டில் முதல் சாப்பாடு. அப்பா கண்ணை மூடினார். சாப்பாடு, பட்டறை, சர்க்கரை, முழங்கால் எல்லாம் போய், மகள் வந்தாள். மகளோடு நின்றுவிட்டார். அவளுடைய மெத்தை, ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே உள்ள மரம். அம்மா மெதுவாக ஆமென் என்றாள். எட்டவில்லை. சற்றுக் குரலை உயர்த்தினாள். அதுவும் எட்டவில்லை. மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தாள். அவன் வாயைத் திறந்தான். வரவில்லை.

கடைசியில் அப்பாவே கண்ணைத் திறந்தார். ஆறின தட்டைப் பார்த்தார்.

"ஏன், வீட்டுல யாருக்கும் பசிக்கலையா?"

"நீங்க அந்த மரத்தோட கிளையெல்லாம் எண்ணி முடிச்சிட்டீங்களா?" என்றாள் அம்மா.

மறுநாளும் அதே கதை. அதற்கும் மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தாள். வணக்கம் கிடையாது, நலம் விசாரிப்பு கிடையாது. தங்கச்சியின் குரல் மேசையில் குதித்து விழுந்தது.

"அம்மா, மானம் போச்சு. மொத்தமா போச்சு. அப்பா இருக்காரா? அப்பாவாலதான் போச்சு."

"என்னடி ஆச்சு?"

"இன்னைக்கு வரவேற்பு விழா. பெரிய ஹால். எல்லா டிபார்ட்மென்ட்டும் உக்காந்திருக்கு. எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல, புது எடம். பிரின்சிபால் பேசறாரு, பேசறாரு, பேசிக்கிட்டே இருக்காரு. அப்படியே அப்பா மாதிரி. கல்லூரிக்குப் போறாரு, நாட்டுக்குப் போறாரு, எங்கெங்கயோ போறாரு. எனக்குத் தலை குனிஞ்சு, கண்ணு மூடிப்போச்சு. கடைசியில குரலை எறக்கி, 'உங்கள் வாழ்வும் உங்கள் குடும்பத்தார் வாழ்வும் ஆசீர்வாதமாக அமையட்டும்'னு சொல்லி மூச்சு வாங்கினாரு."

"ஐயோ."

"ஆமாம்மா. சரியா அடிச்சேன். ஹால் முழுக்கக் கேட்டுச்சு. மைக் எனக்குத்தான் குடுத்திருக்கணும்."

அம்மா தலையில் கை வைத்தாள். அப்பா, "என்ன சொல்றா? என்னவாம்?" என்று போனுக்கு அருகே காதைக் கொண்டுவந்தார். அவனுக்கு வயிற்றில் ஏதோ கிளம்பியது. என்னவென்று பிடிபட ஒரு கணம் ஆயிற்று. சிரிப்பு.

"எல்லாரும் சிரிச்சாங்களா?" என்று கேட்டான்.

"கூரை பிச்சுக்கிச்சு. பிரின்சிபாலும் சிரிச்சாரு. 'ஒருத்தராவது கேட்டுட்டு இருந்தீங்களே, நன்றி' அப்படின்னாரு. இப்ப ஹாஸ்டல்ல எனக்குப் பேரே ஆமென். மெஸ்ல தட்டு நீட்டினா, 'ஆமெனுக்கு இன்னொரு கரண்டி போடுங்க'ங்கறாங்க. பாத்ரூம் வரிசையில நின்னா ஆமென். நான் சத்தமில்லாம ஆரம்பிக்கலாம்னு இருந்தேன்."

"அழுதியா?" என்றாள் அம்மா.

"அழத்தான் போனேன், மொட்டை மாடிக்கு. அங்க துணி காயப்போட்டுட்டு ஒரு அக்கா நின்னாங்க. பனைமரம் மாதிரி ஒசரம். கடைசி வருஷம். 'ஆமென் சொன்னது நீதானா? நாங்க இங்க ஆறு பேர் இருக்கோம், ஞாயித்துக்கிழமை விடியக்காலையில இந்தக் கொடிக்கு நடுவுல உக்காந்து ஜெபம் பண்ணுவோம், யார் யாருன்னு கண்டுபிடிக்கவே எங்களுக்கு ஒரு வருஷம் ஆச்சு, நீ முதல் நாளே மைக் இல்லாம சொல்லிட்டியே'ன்னு கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க. அம்மா, நான் இங்க தனியா இல்ல."

போனை வைத்த பிறகும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு முழுக் கதையையும் அவன்தான் காதருகே குனிந்து உரக்கச் சொன்னான். அப்பா யோசித்தார்.

"அந்த மனுஷன் மூச்சு வாங்கின எடம் சரியான எடம்தானே?"

"சரியான எடம்தான்ப்பா."

"அப்ப சரி."

*

அடுத்த வாரம் முழுக்க அவன் போனை எதிர்பார்த்தான். எதையாவது எதிர்பார்த்து நாளாகிவிட்டது என்பது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. கடையில் ஒருவருக்கு மாட்டவேண்டிய கண்ணாடி ஃபிரேமை இன்னொருவருக்கு மாட்டிவிட்டு, "நல்லா பொருந்துது" என்றான். அந்த அம்மாள், "இது ஆம்பளை கண்ணாடி தம்பி" என்றாள்.

வெள்ளிக்கிழமை, ஒரு பெரியவரைப் பரிசோதனை நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணுக்கு முன்னால் லென்ஸை மாற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தங்கச்சி. குரலில் துள்ளல் இருந்தது. அடியில் வேறு ஏதோவும் இருந்தது.

"அண்ணா, ஞாயித்துக்கிழமை நான்தான் நடத்தணுமாம். பனைமரம் அக்கா சொல்லிட்டாங்க. ஆண்டவரை ஏன் நம்பறேன்னு நான் ஒரு சாட்சி சொல்லணும், அப்புறம் ஜெபம் பண்ணணும். ஆரம்பத்துலேர்ந்து. நானா."

"நல்லதுதானே."

"சாட்சி எதைச் சொல்றதுன்னு தெரியும். அண்ணி சொன்னதைத்தான். நேத்து ரூம்ல சொல்லிப் பாத்தேன். என் ரூம்ல ஒருத்தி இருக்கா, எதைச் சொன்னாலும் கேள்விதான் கேப்பா. நல்லவ. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப கஞ்சி வாங்கிட்டு வந்தவ. அவ எல்லாத்தையும் கேட்டுட்டு, 'நீ கூட இருந்தியா'ன்னா. இல்லைன்னேன். 'கூட இருந்தவங்க யாராவது உன்கிட்ட சொன்னாங்களா'ன்னா."

நாற்காலியில் இருந்த பெரியவர், "தம்பி, எல்லாம் மங்கலா இருக்கு" என்றார்.

"நீ கூட இருந்தேண்ணா. நீ ஒரு தடவைகூட அதைச் சொன்னதில்ல. எனக்கு அப்பத்தான் உறைச்சுது. எல்லாரும் சொல்லியிருக்காங்க, நீ சொன்னதில்ல."

"போதகர்தான் சொன்னாரே."

"நான் போதகரைக் கேக்கல."

"கடையில ஆள் இருக்காங்க."

"சரி, வெச்சிடறேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லு. நிஜமில்லன்னா அதை நான் அங்க சொல்ல மாட்டேன். ஆனா அது நிஜமில்லன்னா எங்கிட்ட என்ன மிச்சம்னு எனக்குத் தெரியல. அதுக்காகப் பொய் சொல்லாத."

வைத்துவிட்டாள். அவன் லென்ஸை மாற்றினான்.

"இப்ப? இதா, அதா?"

"இது" என்றார் பெரியவர், தயங்காமல்.

அன்று முழுவதும் அதே நினைப்பு. சின்னப் பெண். புது ஊர். கையில் இரண்டே சாமான். அதில் ஒன்றைப் பிடுங்குவதா? ஆமாம், அண்ணி அப்படித்தான் சொன்னாள் என்று ஒரு வரி சொல்லிவிட்டால் முடிந்தது. அவள் நம்புவாள். நாலு வருஷம் ஓட்டிவிடுவாள். என்றாவது ஒரு நாள் போதகர் வாயிலிருந்தோ அவன் வாயிலிருந்தோ உண்மை வெளியே வரும். அப்போது அவளிடம் ஒளியும் இருக்காது, அண்ணனும் இருக்க மாட்டான்.

உண்மையைச் சொன்னால் மட்டும் என்ன இருக்கிறது அதில், பிடித்துக்கொள்ள?

*

சனிக்கிழமை சாயங்காலம், தட்டுகள் வைத்தாகிவிட்டது. போன் அடித்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"யாரும் சாப்பிடாதீங்க. நான்தான் இன்னைக்கு ஜெபம் பண்ணப் போறேன். நாளைக்கு நடத்தணுமில்ல, அதுக்கு ஒத்திகை."

அப்பாவுக்குச் சொல்லப்பட்டது. அவர் முகம் மலர்ந்து போனது. நாற்காலியைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, காதை அதன்மேல் கவிழ்க்காத குறையாக உட்கார்ந்தார்.

"ஆரம்பிக்கிறேன். அன்பின் பரலோக பிதாவே." நிறுத்தம். "அப்பா, அடுத்தது என்ன?"

"எனக்கென்ன தெரியும்? அதை நீதான் சொல்லணும்."

"வரலப்பா. ஒட்டிக்கிச்சு."

"முதல்ல ஒட்டத்தான் செய்யும். வெல்டிங்ல எனக்கு இன்னைக்கும் ராடு ஒட்டுது. வெடுக்குனு எடுத்துட்டு மறுபடி தொடு."

"அன்பின் பரலோக பிதாவே," என்றாள் மறுபடி. மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. "எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாது. நான் முடிக்கிற ஆளு. உங்களுக்கே தெரியும், எங்க வீட்டுல நீங்க எங்கப்பா ஜெபத்தை எத்தனை வருஷமா கேக்கறீங்க. சாப்பாட்டுக்கு நன்றி. மெஸ் சாப்பாட்டுக்கும் நன்றி சொல்லணும்னு அம்மா சொல்லுவாங்க, சொல்லிட்டேன்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜெபம் பற்றிக்கொண்டது. அதன்பிறகு நிற்கவில்லை. பாத்ரூம் குழாயில் தண்ணீர் வரவேண்டும் என்றாள். பனைமரம் அக்காவுக்கு வேலை கிடைக்கவேண்டும் என்றாள். பிரின்சிபாலுக்கு நல்ல தூக்கம் கேட்டாள். "என் ரூம்ல கேள்வி கேக்கறவளுக்காக. அவ கேக்கறது தப்பில்ல ஆண்டவரே, எனக்கும் அதே கேள்விதான். அவ சத்தமா கேக்கறா, நான் மெதுவா கேக்கறேன். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே பதிலா குடுத்துடுங்க." அங்கிருந்து வேதியியல் கூடத்துக்குப் போனாள், அங்கிருந்து பட்டறைக்கு வந்தாள், அப்பாவின் காது, அம்மாவின் முதுகு. "அண்ணிக்காக நன்றி. அவங்க என்ன சொன்னாங்கன்னு தெரியல. என்ன சொல்லியிருந்தாலும் அவங்களுக்காக நன்றி. அப்புறம் அண்ணாவுக்காக..."

 அண்ணனுக்காக ஒரு சுற்றுப் போனாள். அவன் சாப்பாடு, அவன் தூக்கம், அவன் கடை வாசல் படி. அப்பாவுக்குத் தப்பாத மகள். முழங்காலும் கடலில் இருக்கிறவர்களும்கூட வந்துவிட்டார்கள். தட்டில் ஆவி நின்று வெகுநேரமாகியிருந்தது. அப்பா கண்ணை மூடிச் சொக்கிப்போயிருந்தார். தனக்குமேல் ஒருத்தி வந்துவிட்ட பூரிப்பு. அம்மா மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தாள்.

"ஆண்டவரே, எப்படி முடிக்கிறதுன்னு தெரியல," என்றது போன், கொஞ்சம் மூச்சு வாங்கி. "முடிக்கிற ஆள் நான்தான், நானே நடுவுல மாட்டிக்கிட்டேன்."

மூச்சு வாங்கின இடம். எவ்வளவோ நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த இடம்தான்.

"ஆமென்" என்றான்.

தேவைக்கு மேலேயே சத்தமாக வந்துவிட்டது. அப்பா திடுக்கிட்டு "ஆமென்" என்று கண்ணைத் திறந்து, யார் என்று சுற்றிலும் பார்த்தார். அம்மா அவனைப் பார்க்காமல் ரொட்டியை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். இன்னொன்றும் வைத்தாள்.



"அண்ணா? நீயா?"

"நான்தான்."

"என்ன சத்தம்ண்ணா. ஹாஸ்டலே திரும்பிப் பாத்துச்சு." குரல் உடைந்து, மூக்கை உறிஞ்சி, மறுபடி நிமிர்ந்தது. "இப்ப சொல்லு. அண்ணி என்ன சொன்னாங்க?"

அவன் போனைக் கையில் எடுத்தான். ஸ்பீக்கரை அணைக்கவில்லை.

"ஒளி கிளியெல்லாம் ஒண்ணும் சொல்லல. பயமில்லன்னது மத்தியானம், போதகர்கிட்ட. அது நிஜம். கடைசி அது இல்ல. சாயங்காலம் அப்பா வந்தாரு. கட்டிலுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டே ஜெபம் பண்ணினாரு. பட்டறையிலேர்ந்து நேரா வந்திருந்தாரு. உனக்குத்தான் தெரியுமே, போய்க்கிட்டே இருந்தாரு. அவ கண்ணைத் தொறந்து பாத்துட்டு, என் சட்டையைப் புடிச்சு இழுத்தா. நான் குனிஞ்சேன். காதுல சொன்னா. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அதுக்குள்ள நர்ஸ் வந்துட்டாங்க, அப்பா தானா முடிச்சுட்டாரு. அவ தூங்கிட்டா. அப்புறம் முழிக்கல."

என்ன சொன்னாள் என்பதையும் சொன்னான்.

 போனில் சத்தம் வெடித்தது. அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாதபடி வந்தது. அம்மா முந்தானையை முகத்தில் அழுத்திக்கொண்டு தோள் குலுங்கினாள். அப்பா, "என்னவாம்? என்னவாம்?" என்று எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணி," என்றாள் தங்கச்சி. "அது அண்ணிதான். அந்த ஒளி, கதவு, அதெல்லாம் சொல்லும்போது யாரோ மாதிரியே இருக்கும்ண்ணா, எனக்கு அவங்க முகமே வராது. இதுல வருது. நான் நாளைக்கு இதைத்தான் சொல்லப் போறேன். அந்தக் கேள்வி கேக்கறவளையும் கூட்டிட்டுப் போறேன். என் அண்ணன் கூட இருந்தான், அவனே சொன்னான்னு சொல்லுவேன். இரு, இரு, ஒரு வார்த்தையும் மாறக் கூடாது. பாட்டுக் குழு அக்கா மாதிரி நானும் எதையாவது சேத்துடப் போறேன். இன்னொரு தடவை சொல்லு. அவங்க சொன்ன மாதிரியே, அப்படியே."

அவன் அப்பாவுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தி, அப்படியே சொன்னான்.

"பிரேக் இங்க இல்லையேங்க. நீங்களாவது ஆமென் சொல்லுங்க. மாமாவுக்குக் கால் வலிக்கும்."